நலிந்த முதியவர்களுக்கு அதிர்வு மேடை: வாங்கித் தரலாமா?

கொன்றைப்பூ எழுதியது:

அம்மாவுக்கு 83 வயது. நிமோனியா வந்து மருத்துவமனையில் படுத்து மீண்டதிலிருந்து கால்களில் வலுவே இல்லை. நாற்காலியிலிருந்து எழ இரண்டு கைகளாலும் கைப்பிடியை அழுத்தி, உடலை முன்னும் பின்னும் அசைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். எழுந்த கையோடு நடக்க முடிவதில்லை. சற்று நின்று, பாதங்களைப் பார்த்து, அதன் பிறகுதான் முதல் அடி. உடைகளெல்லாம் தொளதொளத்துப் போகும் அளவுக்கு மெலிந்துவிட்டார்.

இதுவரை விழவில்லை. ஆனால் விழுந்துவிடுவோமோ என்ற பயமே அவரை நாற்காலியோடு கட்டிப்போட்டிருக்கிறது. பயிற்சி என்று பேச்செடுத்தாலே, "என்னை விட்டுவிடு தாயே" என்று கண்ணை மூடிக்கொள்கிறார்.

தம்பி ஓர் அதிர்வு மேடை வாங்கித் தருகிறேன் என்கிறான். ஏறி நின்றால் போதுமாம். மேடை அதிர, தசைகள் தாமாகவே வேலை செய்யுமாம். பத்து நிமிடம் நிற்பது ஒரு மணி நேரப் பயிற்சிக்குச் சமமாம், எலும்பும் கெட்டிப்படுமாம். அம்மாவுக்கும் ஆசை வந்திருக்கிறது. "நிற்கத்தானே வேண்டும், நிற்கிறேன்" என்கிறார். நோயிலிருந்து மீண்ட பிறகு அவராக "செய்கிறேன்" என்று சொன்ன ஒரே விஷயம் இதுதான் என்பதால் மறுக்க மனம் வரவில்லை. உண்மையிலேயே பயன் உண்டா? ஆபத்து உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நடைபயிற்றுநர் எழுதியது:

வணக்கம் கொன்றைப்பூ. முதியோருக்கான பிசியோதெரபியில்தான் என் வேலை. நீங்கள் சொல்வதைப் படித்தால், உங்கள் அம்மாவை மருத்துவர்கள் 'நலிவு நிலை' என்ற வகையில் சேர்ப்பார்கள் என்று தோன்றுகிறது. 2001இல் அமெரிக்க முதியோர் நல மருத்துவர் லிண்டா ஃப்ரீட் குழுவினர் இதற்கு ஐந்து அறிகுறிகளை வகுத்தார்கள்: தானாக எடை குறைவது, ஓயாத அசதி, கைப்பிடி வலுக் குறைவு, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. இவற்றில் மூன்று இருந்தாலே நலிவு. இதை முதுமையின் தலையெழுத்து என்று விட்டுவிடக் கூடாது, பெருமளவு மீட்க முடியும். அதனால்தான் எந்த வழியில் மீட்கப் போகிறோம் என்பது இவ்வளவு முக்கியம்.

மேடை என்ன செய்கிறது என்று முதலில் சொல்கிறேன். பாதம் வழியாக ஏறும் அதிர்வு, கால் தசைகளை ஒவ்வொரு விநாடியும் பல முறை மிகச் சிறிய அளவில் இழுத்து விடுகிறது. தசைக்குள் நீட்சியை உணரும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்ப, அங்கிருந்து 'சுருங்கு' என்ற கட்டளை திரும்பி வருகிறது. தசையிலும் தசைநாணிலும் நேரடியாக அதிர்வு கொடுத்தால் இப்படி நடக்கிறது என்பதை ஹாக்பார்த், எக்லுண்ட் என்ற ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1966இலேயே காட்டிவிட்டார்கள். ஆகவே 'தாமாகவே வேலை செய்யும்' என்பது முழுப் பொய் அல்ல. ஆனால் அப்படி எழும் சுருக்கத்தின் அளவு சிறியது. நாற்காலியிலிருந்து எழும்போது தொடைத் தசை தூக்கும் பாரத்துக்கு அது ஈடாகாது.

ஆய்வு முடிவுகள் இரண்டு பக்கமும் உண்டு. 2005இல் பெல்ஜியத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் 42 பேரை வைத்து ஆறு வாரம் நடத்திய ஆய்வில், வழக்கமான பிசியோதெரபியோடு அதிர்வையும் சேர்த்துப் பெற்றவர்கள் நன்றாகவே முன்னேறினார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனையில் அவர்களுக்குச் சராசரியாக 11 விநாடி மிச்சமானது. பிசியோதெரபி மட்டும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஆனால் அதே நாட்டில் 2013இல் வெளியான ஆய்வில் முதியோர் இல்லவாசிகள் 62 பேரில் ஒரு குழுவினர் மூன்று மாதம் மேடையில் நின்றும், நடையிலோ சமநிலையிலோ விழும் எண்ணிக்கையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. அங்கே ஒரு சுற்றுக்கு 15 விநாடிதான் அதிர்வு. அது போதவில்லை என்று வாதிடலாம்.

என் கருத்து இதுதான். பிசியோதெரபியோடு துணையாகச் சேர்ந்தால் ஓரளவு பலன் தரக்கூடிய கருவி. தனித்து நின்று ஆளை மீட்கும் கருவி அல்ல.


அலைநீளம் எழுதியது:

நான் மருத்துவன் அல்ல. இயந்திரங்களின் அதிர்வை அளப்பது என் தொழில். 'அதிர்வு மேடை' என்று ஒரே பெயரில் விற்கப்படுபவை ஒரே பொருள் அல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல் யாரும் வாங்கக் கூடாது.

ஒரு வகையில் முழுத் தட்டும் ஒன்றாக மேலும் கீழும் போகும். மற்றொரு வகையில் தட்டு நடு அச்சில் ஊசலாடும். இடது பாதம் ஏறும்போது வலது பாதம் இறங்கும். இந்த இரண்டாம் வகையில் பாதத்தை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு அசைவு கூடும். அம்மா நிற்கும் இடம் ஒரு சாண் மாறினாலே அவர் பெறும் அளவு மாறிவிடும்.

அடுத்தது வேகமும் (விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற அதிர்வெண், ஹெர்ட்ஸில் சொல்வார்கள்) வீச்சும் (எவ்வளவு தூரம் அசைகிறது). உடலுக்குள் போகும் அடியின் அளவை முடுக்கமாகக் கணக்கிட வேண்டும். அதிர்வெண் இரண்டு மடங்கானால் முடுக்கம் நான்கு மடங்கு. நடுநிலையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் மட்டும் அசையும் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 12 ஹெர்ட்ஸில் அதன் உச்ச முடுக்கம் புவியீர்ப்பில் ஏறக்குறைய 0.6 பங்கு. அதே ஒரு மில்லிமீட்டர் 30 ஹெர்ட்ஸில் புவியீர்ப்பைப் போல் 3.6 மடங்கு! கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு மடங்கைத் தாண்டினாலே தட்டு கீழே இறங்கும் வேகத்துக்குப் பாதம் ஈடுகொடுக்க முடியாமல் தட்டிலிருந்து விலகி மீண்டும் மோதத் தொடங்கும்.

எலும்பு ஆய்வுகளில் பேசப்படும் 'மென் அதிர்வு' என்பது புவியீர்ப்பில் 0.3 மடங்கு. 30 ஹெர்ட்ஸில் அதற்குத் தட்டு நடுநிலையிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட அசைய வேண்டியதில்லை. அந்த ஆய்வுகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு அதைவிடப் பத்து மடங்கு கடுமையான மேடையை விற்பது நடக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் தருகிறது.

கையேட்டில் 'வீச்சு' என்று போட்டிருந்தால், அது நடுநிலையிலிருந்து உச்சம் வரையா, அடியிலிருந்து உச்சம் வரையா என்று கேளுங்கள். இரண்டுக்கும் இரு மடங்கு வித்தியாசம். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிராக்டர், கனரக வாகனம் ஓட்டுபவர்களுக்கு உடல் அதிர்வு ஒரு தொழில் ஆபத்தாகவே கருதப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் போட்ட உத்தரவில், எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட சராசரி அதிர்வு முடுக்கம் 0.5 மீ/வி² ஆனதுமே நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது என்று வைத்திருக்கிறார்கள். மேடையில் நிற்பது சில நிமிடங்கள்தான், ஒப்பிடும்போது அதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதிர்வு என்றாலே நல்லது என்ற எண்ணம் யாருக்கும் வர வேண்டாம்.


மருதாணி எழுதியது:

என் மாமனாரின் அனுபவத்தைச் சொல்கிறேன். அவர் இருந்த பராமரிப்பு இல்லத்தில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் இந்த மேடையைப் பயன்படுத்தினார். ஊசலாடும் வகை, மிகக் குறைந்த வேகம், முன்னால் பிடித்துக்கொள்ள உறுதியான கம்பி. மாமனாரைச் செருப்பில்லாமல் ஏற்றி, முழங்காலைச் சற்று மடக்கச் சொல்வார். அவர் மடக்கியதும் தம் உள்ளங்கையை அவருடைய தலையுச்சியில் லேசாக வைத்துப் பார்ப்பார். தலை நடுங்கினால் "இன்னும் கொஞ்சம் மடக்குங்கள் ஐயா" என்பார். நடுக்கம் தொடையோடு நின்ற பிறகே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார். ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் உட்கார்ந்து ஓய்வு. முதல் வாரத்தில் கணுக்காலைச் சுற்றி அரிப்பு எடுத்துத் தோல் சிவந்தது. நாங்கள் பயந்துவிட்டோம், இது பலருக்கு வருவது, தானே அடங்கும் என்றார்கள், அடங்கியது.

அதற்கு முன் எந்தப் பயிற்சிக்கும் அசையாத மனிதர். இதற்கு மட்டும் நேரம் கேட்டுத் தயாராக இருப்பார். சில வாரங்களில் படுக்கையிலிருந்து தாமே எழுந்து கழிப்பறைக்குப் போனார். அதிர்வினால் வந்ததா, ஓய்வுக்காக ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து எழுந்ததால் வந்ததா, அந்தப் பிசியோதெரபிஸ்டின் அக்கறையால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் அவருடைய கடைசி ஆண்டுகளில் அந்த மேடைக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.


நேர்கோடு எழுதியது:

மருதாணி அவர்களே, உங்கள் மாமனார் எழுந்து நடந்ததில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் கடைசியில் நீங்களே சொன்ன சந்தேகம்தான் என் வாதம். ஒவ்வொரு முறையும் அவர் உட்கார்ந்தார், எழுந்தார். அதுதான் பயிற்சி. மேடை அதற்கு ஒரு சாக்கு.

நலிந்தவர்களால் கடுமையான பயிற்சி செய்ய முடியாது என்ற எண்ணமே தவறு என்று 1994இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் குழு நிரூபித்தது. முதியோர் இல்லத்தில் இருந்த 100 பேர், சராசரி வயது 87. பத்து வாரம் எடை தூக்கும் பயிற்சி செய்தவர்களுக்குத் தசை வலு 113 சதவீதம் கூடியது. செய்யாதவர்களுக்கு வெறும் 3 சதவீதம். நடை வேகமும் படியேறும் திறனும் கூடின. கூடுதல் சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. விழுவதைத் தடுப்பது பற்றி 2019இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சமநிலைப் பயிற்சியும் எழுந்து உட்காரும் பயிற்சியும் விழும் எண்ணிக்கையை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைக்கின்றன என்று உறுதியாகச் சொல்கிறது. அதிர்வு மேடைக்கு இந்த அளவு உறுதியான சான்று எங்கே? கையில் நல்ல மருந்து இருக்கும்போது அரைகுறை மருந்தை ஏன் தேட வேண்டும்?


மருதாணி எழுதியது:

நீங்கள் சொல்லும் நல்ல மருந்தை அவர் வாயில் வைக்கவே மறுத்தார், நேர்கோடு. அதை நாங்கள் மாதக்கணக்கில் கெஞ்சிப் பார்த்தோம். செய்யாத சிறந்த பயிற்சியைவிடச் செய்கிற நடுத்தரப் பயிற்சி மேல் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். கொன்றைப்பூவின் அம்மாவும் அதே இடத்தில்தான் இருக்கிறார்.


வெண்தாமரை எழுதியது:

எலும்பு கெட்டிப்படும் என்ற பேச்சுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். எலும்பு அடர்த்தி சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

இந்த நம்பிக்கை எழுந்ததற்குக் காரணம் உண்டு. 2001இல் அமெரிக்க ஆய்வாளர் கிளின்டன் ரூபின் குழு, செம்மறியாடுகளின் பின்னங்கால்களை ஒரு வருடம் தினம் 20 நிமிடம் மென் அதிர்வில் நிறுத்தியது. தொடை எலும்பின் உட்பகுதி அடர்த்தி 34 சதவீதம் கூடியது. உலகமே திரும்பிப் பார்த்தது. 2004இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில், மாதவிடாய் நின்ற 70 பெண்களிடம் நடந்த ஆய்வில் அதிர்வுக் குழுவுக்கு இடுப்பெலும்பு அடர்த்தி ஆறு மாதத்தில் 0.93 சதவீதம் கூடியது. சிறிய அளவுதான், அவர்கள் மேடையில் சும்மா நிற்கவில்லை, முழங்கால் பயிற்சிகளும் செய்தார்கள்.

பிறகு பெரிய ஆய்வுகள் வந்தன. 2011இல் டொரன்டோவில் 202 பெண்கள், ஒரு வருடம், தினம் 20 நிமிடம்: பலன் இல்லை. 2015இல் அமெரிக்காவில் முதியோர் குடியிருப்புகளில் வாழ்ந்த 174 பேர், இரண்டு வருடம், தினம் 10 நிமிடம், அசையாத போலி மேடையோடு ஒப்பிட்டு: அதிலும் பலன் இல்லை. இரண்டிலும் எல்லோருக்கும் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்தார்கள். ஆட்டுக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்கவில்லை.

ஆனால் நேர்கோடு கவனிக்க வேண்டிய ஓர் ஆய்வும் உண்டு. 2014இல் ஹாங்காங்கில் 710 பெண்களிடம் 18 மாதம் நடந்தது. எலும்பு அடர்த்தி அங்கும் கூடவில்லை. ஆனால் அதிர்வு பெற்ற குழுவில் 18.6 சதவீதத்தினரும் பெறாத குழுவில் 28.7 சதவீதத்தினரும் விழுந்தார்கள் அல்லது எலும்பு முறிந்தார்கள். இதை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் அவர்கள் ஓரளவு திடமாக வெளியில் நடமாடிய பெண்கள். ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலி மேடை எதுவும் தரப்படவில்லை. வாரத்தில் ஐந்து நாள் ஒரு மையத்துக்கு வந்து போனதே பாதிப் பயிற்சி ஆகியிருக்கலாம்.


அலைநீளம் எழுதியது:

போலி மேடை பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். 1892இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஷார்க்கோ, பார்கின்சன் நோயாளிகள் ரயிலிலும் வண்டியிலும் நீண்ட பயணம் செய்தபின் தேறியதாகச் சொன்னதைக் கேட்டு, அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்ய வைத்து அதில் அவர்களை உட்கார வைத்தார். அவர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். நூறாண்டுக்கும் மேல் கழித்து 2012இல் அதே யோசனையைப் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது இரண்டு குழுக்களும் ஒரே அளவில் தேறின. அதிர்வு விஷயத்தில் ஒப்பீட்டுக் குழு இல்லாத எந்தக் கதையையும் நான் நம்பத் தயங்குவது இதனால்தான். மருதாணி அவர்கள் தவறாக எண்ண வேண்டாம்.


கொன்றைப்பூ எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பியிடம் இந்த இழையைக் காட்டினேன், பொறுமையாகப் படித்தான். சில விவரங்களைச் சேர்க்கிறேன். அம்மாவுக்கு இரண்டு கண்களிலும் கண்புரை அறுவை நடந்து லென்ஸ் வைத்திருக்கிறது. முன்பைவிட உயரம் குறைந்து முதுகு வளைந்திருக்கிறது, ஆனால் முதுகுவலி என்று சொன்னதில்லை. எப்போதாவது எழும்போது தலைசுற்றல். பேஸ்மேக்கர் இல்லை. இவை மேடைக்குத் தடையா?


நடைபயிற்றுநர் எழுதியது:

நல்ல வேளை கேட்டீர்கள். இவற்றில் முதுகு வளைவுதான் என்னை நிறுத்துகிறது. முதுகெலும்பு நசுங்கி முறிவது முதியவர்களிடம் பெரும்பாலும் வலியில்லாமல் நடந்து, யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. உயரம் குறைந்து முதுகு வளைந்த 83 வயதுப் பெண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் எந்த மேடையிலும் ஏற்றக் கூடாது. முறிவு தெரிந்தால் மேடையை மறந்துவிடுங்கள். எலும்புக்கு மருந்து தொடங்குவதே முதல் வேலை.

கண்ணில் வைத்த லென்ஸ், அதிர்வு மேடையில் நின்ற பிறகு இடம்பெயர்ந்ததாக ஓரிரு நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அரிதுதான், ஆனால் கண் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தலைசுற்றலுக்கு, படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அவர் சாப்பிடும் மாத்திரைகளையும் மருத்துவர் ஒரு முறை பரிசீலிக்கட்டும்.

மற்றவர்களுக்காகவும் சொல்லி வைக்கிறேன். காலில் ரத்தக்கட்டு, அண்மையில் நடந்த முறிவு அல்லது அறுவை, புதிதாக வைத்த செயற்கை மூட்டு, பேஸ்மேக்கர், ரத்தக் குழாய் வீக்கம், வலிப்பு, விழித்திரைக் கோளாறு, சிறுநீரகக் கல், பித்தப்பைக் கல் ஆகியவை இருந்தால் மருத்துவர் சம்மதமின்றி மேடைப் பக்கமே போகக் கூடாது.

எல்லாம் சரி என்று வந்து, மேடையும் வைப்பதானால், மருதாணி சொன்ன அந்த உள்ளங்கைச் சோதனையை அப்படியே செய்யுங்கள். நேராக விறைத்து நின்றால் அதிர்வு தலைவரை ஏறும். ஓடும் பஸ்ஸில் நின்று வருபவர் முழங்காலைத் தளர்த்தி வைத்துக்கொள்வதுபோல் நிற்க வேண்டும். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாத மேடை வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம். அதில் ஏறி இறங்கும்போது விழுவதுதான் பெரிய ஆபத்து.


நேர்கோடு எழுதியது:

மருத்துவர் பார்க்கும்வரை அம்மா சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். இந்த வயதில் கழியும் ஒவ்வொரு வாரமும் வலுவைக் கொண்டுபோகிறது. மருதாணி சொன்னதில் ஒன்றை ஏற்கிறேன்: அவர் செய்யச் சம்மதிப்பதிலிருந்துதான் தொடங்க முடியும். "நிற்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார் அல்லவா? அந்தச் சம்மதத்தை மேடை இல்லாமலே பயன்படுத்த முடியாதா?


நடைபயிற்றுநர் எழுதியது:

முடியும், அதைத்தான் எழுத வந்தேன். கொன்றைப்பூ, அம்மாவிடம் பயிற்சி என்ற சொல்லையே எடுக்காதீர்கள். கைப்பிடி உள்ள கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கெட்டியான மெத்தைத் துண்டைப் போட்டு உட்காரும் உயரத்தைக் கூட்டுங்கள். முழங்காலைவிட இடுப்பு சற்று மேலே இருக்க வேண்டும். அந்த உயரத்திலிருந்து கையை லேசாக ஊன்றியே எழ முடியும். பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு மேல் வரும்வரை முன்னால் குனிந்து, பிறகு எழச் சொல்லுங்கள். அவர் இப்போது முன்னும் பின்னும் ஆடுவது இந்தக் குனிவு போதாததால்தான். மூச்சைப் பிடிக்க வேண்டாம், எழும்போது வெளியே விடட்டும்.

எழுந்ததும் பத்து எண்ணும்வரை நிற்பது. உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குவது; தசைக்கு நல்ல வேலை அதில்தான். முதலில் ஐந்து முறை, நாளுக்கு இரண்டு வேளை, நீங்கள் பக்கத்தில் நின்றபடி. சுலபமாக வரத் தொடங்கினால் மெத்தையின் உயரத்தைக் குறையுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். மெலிந்திருப்பதால் உணவில் புரதம் போதுமா என்றும் கேளுங்கள்.


கொன்றைப்பூ எழுதியது:

நாற்காலியை உயர்த்திப் போட்டேன். மூக்கை முன்னால் கொண்டுவரச் சொன்னதும் முதல் முறையே ஆட்டமில்லாமல் எழுந்துவிட்டார். "இது எப்படி?" என்று அவரே கேட்டுவிட்டு, யாரும் சொல்லாமல் இன்னொரு முறை உட்கார்ந்து எழுந்தார். எக்ஸ்ரேக்கும் ரத்த அழுத்தச் சோதனைக்கும் நேரம் வாங்கியிருக்கிறோம். மேடை வாங்குவதை அதுவரை தள்ளிப்போடத் தம்பி ஒப்புக்கொண்டான். முதுகெலும்பில் முறிவு இல்லை என்று வந்தால், குறைந்த வேகத்தில் ஓடும் மேடை வைத்திருக்கும் பிசியோதெரபி நிலையத்தில் முதலில் பார்க்கலாம் என்பது இப்போதைய முடிவு. அலைநீளம் ஐயா, அங்கே கேட்க வேண்டியது அதிர்வெண், வீச்சு இரண்டும்தானே?


அலைநீளம் எழுதியது:

அந்த இரண்டும், வீச்சு எங்கிருந்து எங்குவரை அளந்தது என்பதும். ஊசலாடும் வகையானால் எந்தப் பாத இடைவெளிக்கு அந்த வீச்சு என்பதையும் கேளுங்கள். எண்களை இங்கே போடுங்கள், எத்தனை மடங்கு முடுக்கம் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.